‘மனிதத் தவறு’ என்றால் விமானியின் தவறு என்று யார் சொன்னது?

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் நம் தேஜஸ் போர் விமானம் விழுந்தது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். நம் கோவை சூலூர் தளத்தில் பணியாற்றியவர். புகை அடங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். பாதிப் பேர் ‘ஆயில் ஒழுகியது, வீடியோவே இருக்கிறது’ என்றார்கள். மீதிப் பேருக்கு அது ‘பைலட் மிஸ்டேக்’.

முதலில் அந்த ஆயில் கதையை முடித்துவிடலாம். விபத்துக்கு முந்தைய நாளே மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதை மறுத்துவிட்டது. வீடியோவில் சொட்டியது, காக்பிட்டைக் குளிர்விக்கும் அமைப்பிலும் ஆக்சிஜன் தயாரிக்கும் அமைப்பிலும் சேர்ந்த தண்ணீர். துபாய் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் அதை வேண்டுமென்றேதான் வடிப்பார்கள். வீட்டு ஏ.சி. குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு ‘காஸ் லீக்’ என்று தீயணைப்பு நிலையத்துக்கு யாராவது போன் செய்வார்களா? போர் விமானம் என்றால் மட்டும் செய்கிறோம். அதே வீடியோவை மறுநாள் விபத்துக்குச் சாட்சியாகவும் ஓட்டினார்கள்.

‘பைலட் மிஸ்டேக்’ அவ்வளவு எளிதில் தீராது. அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்ததால்தான் இந்தக் கட்டுரை.

2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு ஓர் அறிக்கை வைத்தது. 2017 முதல் 2022 வரை இந்திய விமானப்படையில் 34 விபத்துகள், அவற்றில் 19-க்குக் காரணம் ‘மனிதத் தவறு – விமானக்குழு’ என்றது அது. போர் விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் சேர்ந்த கணக்கு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் விழுந்ததும் அதே பட்டியலில், அதே தலைப்பின் கீழ்தான் இருக்கிறது. ‘பார்த்தீர்களா, பாதிக்கு மேல் பைலட் தவறு’ என்று உடனே பகிர்ந்தார்கள். குன்னூர் விபத்தின் விசாரணை சொன்னது என்ன? பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, எந்தக் கோளாறும் இல்லாத இயந்திரம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது. இதை ‘தவறு’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால் அடுத்த ஹெலிகாப்டரைக் காப்பாற்ற நமக்கு ஏதாவது மிஞ்சுமா?

மனிதத் தவறு என்பது ஒரு பெட்டியின் பெயர். கடைசியாகக் கட்டுப்பாட்டைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதை மட்டும் அது சொல்லும். அந்தக் கைக்கு விமானம் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால், பாதை ஹாங்கர் என்னும் விமானக் கொட்டகைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் சில சமயம் டெல்லியில் உள்ள கோப்பு ரேக்குக்கும் போகும்.

அமெரிக்காவின் அலாஸ்காவில் ஐல்சன் தளத்தில் 2025 ஜனவரி 28 அன்று ஓர் எஃப்-35ஏ போர் விமானம் விழுந்தது. தரையில் உறைபனிக் குளிர். கிளம்பிய பிறகு மூக்குச் சக்கரம் முழுதாக உள்ளே மடங்கவில்லை. திரும்ப இறக்கினால் இடப்பக்கம் கோணலாகப் பூட்டிக்கொண்டது. விமானி சுமார் 50 நிமிடம் வானில் சுற்றிக்கொண்டே தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்களுடன் போனில் பேசினார். சக்கரத்தை நேராக்குவதற்காக ரன்வேயை இரண்டு முறை தொட்டு எழும்பினார். நேராகவில்லை. அதற்குள் பின் சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்களும் உறைந்து முழுதாக நீள மறுத்தன. அந்த ஷாக் அப்சார்பர் அமுங்கியிருந்தால் ‘தரையில் நிற்கிறேன்’, நீண்டிருந்தால் ‘பறக்கிறேன்’ என்றுதான் விமானத்தின் கணினி புரிந்துகொள்ளும். பறந்துகொண்டிருந்த விமானம் தரையில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு தரைக்கான கட்டுப்பாட்டு முறைக்கு மாறிவிட்டது. அந்த நிலையில் யார் ஓட்டினாலும் ஓடாது. விமானி எஜெக்ட் ஆனார், அதாவது இருக்கையோடு வெளியே பாய்ந்தார், பிழைத்தார்.

சிதைவில் ஷாக் அப்சார்பர்களைத் திறந்து பார்த்தார்கள். மூக்குச் சக்கரத்திலும் வலது பின் சக்கரத்திலும் இருந்த ஹைட்ராலிக் திரவத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். ஒரு சொட்டும் இருக்கக் கூடாத இடம் அது. திரவ டிரம்மை வைத்துப் பராமரிப்பதில் மேற்பார்வை இல்லை, திரவம் நிரப்பும் முறையையும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று விசாரணை எழுதியது. கடுங்குளிரில், விமானம் தரையில் நிற்கிறதா பறக்கிறதா என்று காட்டும் சென்சார்கள் ஏமாற்றக்கூடும் என்று தயாரிப்பு நிறுவனமே 2024 ஏப்ரலில் ஒரு பராமரிப்புக் குறிப்பில் எச்சரித்திருந்தது. போனில் பேசியவர்கள் அதை நினைவில் கொண்டிருந்தால் இரண்டாவது முறை ரன்வேயைத் தொடச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் அறிக்கையில் இருக்கிறது. விபத்து நடந்த ஒன்பதாம் நாள் அதே தளத்தில் இன்னொரு எஃப்-35-க்கும் இதே உறைதல் வந்தது. அது பத்திரமாக இறங்கிவிட்டதால் நமக்குச் செய்தியே வரவில்லை.

இங்கே தவறு யாருடையது? டிரம்மை ஒழுங்காகப் பராமரிக்காத கையா, அதை மேற்பார்வை செய்யாத கையா, போனை வைத்திருந்த கையா? மூன்றும் மனிதக் கைகள்தான். விமானியின் கை அதில் ஒன்றுகூட இல்லை.

பழைய உதாரணம் வேண்டுமானால் 1997 செப்டம்பர் 14, மேரிலாந்து. கண்காட்சியில் பறந்த எஃப்-117 போர் விமானத்தின் இடது இறக்கை பார்வையாளர்கள் கண்ணெதிரே அதிர்ந்து முறிந்தது. இறக்கைக்குள் ஒரு தாங்கியில் இருக்க வேண்டிய ஐந்து ஃபாஸ்டனர்களில் (போல்ட் போன்ற இணைப்பிகள்) நான்கு இல்லை. முன்பு ஒரு பராமரிப்பின்போது கழற்றியவை திரும்பப் போய்ச் சேரவே இல்லை. 2023-இல் அரிசோனாவின் லூக் தளத்தில் கையடக்க டார்ச் ஒன்றை எஃப்-35-இன் இன்ஜின் விழுங்கியது. சேதம் ஏறக்குறைய 40 லட்சம் டாலர். பராமரிப்புக் கருவிகளை மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்தில் நிழல் வரைந்து வைப்பதும், ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் விமானத்தைக் கிளப்ப விடாமல் நிறுத்துவதும் இதற்குத்தான். ‘ஒரு ஸ்பேனருக்காக இரண்டு மணி நேரமா?’ என்று எரிச்சல்படும் ஜூனியர்களே, ஆமாம், ஒரு ஸ்பேனருக்காகத்தான்.

அடுத்து மிக்-21. 1963-இல் வந்தது, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று பட்டம் சூட்டினோம். எண்ணிக்கை கொடியதுதான். வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 2012 ஏப்ரல் வரை 482 விபத்துகள், 171 விமானிகள் பலி என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் பழசு என்பதால் மட்டும் அவை விழுந்தன என்று நினைப்பது சோம்பேறித்தனம். சிறிய முக்கோண இறக்கை கொண்ட அந்த விமானத்தை மணிக்கு 300 கி.மீ.-க்கு மேலான வேகத்தில் ரன்வேயை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கிரண் போன்ற சாதுவான பயிற்சி விமானத்தில் பழகிய இளைஞரை நேரடியாக இதில் ஏற்றினோம். இடையே ஓர் உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு 1982-இல் சொன்னது. அப்படிப்பட்ட பயிற்சி ஜெட்டான ஹாக் முறைப்படி படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில். நடுவில் 1997-இல், அப்துல் கலாம் தலைமையில் போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு குழுவும் போட்டோம். அந்த 26 ஆண்டுகளில் விழுந்த விமானங்களின் பட்டியலில் ‘மனிதத் தவறு’ என்று எழுதியவர்கள், கோப்பில் கையெழுத்திடாத மனிதர்களையும் சேர்த்தார்களா?

சரி செய்ததற்குப் பலனும் கண்கூடு. 10,000 பறத்தல் மணிக்கு 2000–2005-இல் 0.93 ஆக இருந்த விபத்து விகிதம் 2017–2022-இல் 0.27-க்கு இறங்கியது. இந்த எண்ணை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

விமானியே காரணமாகும் விபத்து இல்லையா? இருக்கிறது. ஆனால் அங்கும் சோம்பலோ சாகசமோ அரிது, உடம்புதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஒன்பது ‘ஜி’ திருப்பத்தில், அதாவது உடம்பு ஒன்பது மடங்கு கனக்கும் திருப்பத்தில், மூளைக்கு ரத்தம் நின்றால் சுமார் 12 விநாடி முழு மயக்கம், விழித்த பிறகும் ஏறக்குறைய அதே நேரம் குழப்பம். 12 விநாடியில் விமானம் மூன்று கி.மீ. போயிருக்கும். 2019 ஏப்ரல் 9 அன்று ஜப்பானின் எஃப்-35ஏ பசிபிக் கடலுக்குள் மணிக்கு 1,100 கி.மீ.-க்கு மேல் பாய்ந்தபோது, விமானியின் குரலில் பதற்றமே இல்லை. இருட்டில் கடல் எது, வானம் எது என்று, சமநிலையை உணரும் உள்காது சொன்ன பொய்யை நம்பினார் என்பதுதான் முடிவு. தூக்கம் கெட்டவரும் தண்ணீர் குடிக்காதவரும் இதில் முதலில் மாட்டுவார்கள். 

‘ஏன் முன்னாடியே குதிக்கவில்லை?’ அடுத்த கேள்வி. யாரும் குதிப்பதில்லை, இருக்கைக்கு அடியில் உள்ள ராக்கெட் தூக்கி எறிகிறது. ‘ஜீரோ-ஜீரோ இருக்கை’ என்றால் நின்றுகொண்டிருக்கும் விமானத்திலிருந்தும் காப்பாற்றும் என்று பொருள். தலைகீழாகக் கீழே பாயும் விமானத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. 60 டிகிரி சரிவில் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் இறங்கினால், 500 அடி உயரத்திலிருந்து தரை ஒரு விநாடிகூடத் தள்ளி இல்லை. பாராசூட் முழுதாக விரிய அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். கட்டுப்பாடு போன விமானம் 10,000 அடிக்கு மேல் இருக்கும்போதே வெளியேறு என்று அமெரிக்க விமானங்கள் பலவற்றின் கையேட்டில் எழுதியிருப்பது அதனால்தான். இதிலே நம்மவர்கள் ‘ஊரைக் காப்பாற்றக் கடைசி வரை உள்ளே இருந்தார்’ என்று ஒவ்வொரு விபத்துக்கும் ஒரே வசனத்தை ஒட்டுகிறார்கள். சில விபத்துகளில் அது உண்மை, தலைவணங்குகிறோம். எல்லாவற்றுக்கும் அதையே பாடினால், உள்ளேயே இருப்பதுதான் வீரம் என்று 23 வயதுப் பையன் ஒருவன் கற்றுக்கொள்வான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். ஒரு கிலோ எடையுள்ள பறவை, மணிக்கு 720 கி.மீ. வேகத்தில் வரும் விமானத்தில் மோதினால் 20,000 ஜூல். ஒரு டன் கார் 23 கி.மீ. வேகத்தில் இடிப்பதற்குச் சமம், அதுவும் கையகல இடத்தில். 2019 ஜூன் 27 அன்று அம்பாலாவில் பறவை மோதி ஓர் இன்ஜினை இழந்த ஜாகுவார், மற்ற இன்ஜினை நம்பி, எரிபொருள் டேங்குகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. தேஜஸுக்கு இருப்பது ஒரே இன்ஜின். விமானத்தளத்தைச் சுற்றி 10 கி.மீ.-க்குள் ஆடு மாடு அறுத்துக் கழிவைக் கொட்டக் கூடாது, பறவையை இழுக்கும் குப்பை போடக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி சொல்கிறது. சூலூர், தஞ்சாவூர், தாம்பரம், அரக்கோணம் பக்கம் கறிக்கடையும் கோழிக்கடையும் வைத்திருப்பவர்களே, இரவில் மூட்டை கட்டி ஓடையோரம் வீசும் அந்தக் கழிவுக்குத்தான் காலையில் பருந்துகள் வட்டமிடுகின்றன. ‘எல்லாரும் போடுறாங்க’ என்பது பதில் இல்லை. மூடிய தொட்டி கேளுங்கள், பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள். தளத்தின் அருகே கல்யாண டிரோன் பறக்கவிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

எரிபொருள் டேங்க் விழுந்தால் அதைச் சுற்றி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். 2019 ஜூலை 2 அன்று கோவை புறநகரில் விளைநிலத்தில் விழுந்தது தேஜஸின் 1,200 லிட்டர் டேங்க். வெடிகுண்டு இல்லை, உண்மைதான். ஆனால் மிச்ச எரிபொருளின் ஆவிக்கு ஒரு பீடி போதும்.

விமானமே விழுந்தால் குறைந்தது 500 மீட்டர் தள்ளி, காற்று உங்கள் முதுகிலிருந்து விமானத்தை நோக்கி வீசும் பக்கம் நில்லுங்கள். தேஜஸின் உடலில் எடைக்கணக்கில் 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. எரிந்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பறந்து தோலிலும் நுரையீரலிலும் குத்தும். காக்பிட்டை மூடும் கேனோபிக் கண்ணாடியில் கோலம் போட்டது போல ஓடும் கோடு தெரிந்தால் அது அலங்காரம் இல்லை, கண்ணாடியை உடைக்கும் வெடிமருந்துக் கயிறு. மஞ்சள்-கறுப்புப் பட்டை போட்ட எந்தக் கைப்பிடியையும் தொடவே தொடாதீர்கள். உருளை வடிவில் சிதறிக் கிடப்பவை எதிரி ஏவுகணையைத் திசைதிருப்ப எரித்து வீசும் ஃப்ளேர்களில் எரியாமல் போனவையாக இருக்கலாம். ‘கறுப்புப் பெட்டி’ என்று நாம் சொல்லும் ஆரஞ்சு நிறப் பெட்டியோ, ஒரு போல்ட்டோ, எதுவும் வீட்டுக்கு நினைவுப்பொருள் ஆகாது. நீங்கள் எடுத்துப்போகும் அந்த ஒரு போல்ட்தான் மேரிலாந்தில் தேடிய போல்ட்டாக இருக்கலாம்.

விமானி பாராசூட்டில் இறங்கியிருந்தால், ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தி, சோடா கொடுத்து, தோளில் கை போட்டு நடக்க வைக்கும் அன்பு வேண்டாம். ராக்கெட் தள்ளிய வேகத்தில் முதுகெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம், வலி உடனே தெரியாது. படுத்தவரைப் படுத்தபடியே விடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் தண்ணீரும் வேண்டாம். காற்று பாராசூட்டை இழுத்தால் துணியின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டி அதன் மேல் உட்காருங்கள். அருகே நெருப்பு வந்து நகர்த்தியே ஆக வேண்டுமானால் கயிற்றுக் கட்டில் தொய்யும், கதவையோ பலகையையோ கொண்டுவாருங்கள். 112-க்குப் போன் போட்டு மூன்றைச் சொல்லுங்கள்: விமானம் விழுந்த இடம், விமானி கிடக்கும் இடம், இருக்கை கிடக்கும் இடம். மூன்றும் வெவ்வேறு வயல்களில் இருக்கும்.