டிஸ்க்கைக் கழற்றுமுன் சீரியல் நம்பரைப் பாருங்கள்

வைகாசி முகூர்த்தங்கள் ஓய்ந்த வாரத்தில், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் கடைக்கு வந்தார். வீட்டு மாடியில் ஓடிக்கொண்டிருந்த சர்வரில் ஒரு டிஸ்க் பழுதாகிவிட்டதாகவும், புது டிஸ்க் வாங்கித் தானே மாற்றியதாகவும், அதன் பிறகு எந்த ஃபோல்டரும் தெரியவில்லை என்றும் சொன்னார். “அண்ணே, ரெய்டு போட்டிருக்கேன்ல, ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னாங்க?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக ஓடவைக்கும் முறைதான் ரெய்டு. இந்த ஆண்டில் இதே கேள்வியை நான் கேட்பது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். மென்பொருள் “டிஸ்க் 2 பழுது” என்று காட்டியிருக்கிறது. அவர் மேலிருந்து இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றிவிட்டார். அந்த மென்பொருளோ பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவது. அதன் கணக்கில் 2 என்பது மேலிருந்து மூன்றாவது. அவருடையது ஒரு டிஸ்க்கின் பழுதை மட்டுமே தாங்கும் ரெய்டு 5 வகை. ஏற்கெனவே ஒரு டிஸ்க்கை இழந்திருந்த அது, நல்ல டிஸ்க் ஒன்றையும் இழந்தவுடன் நின்றுபோனது. அந்த நொடியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்திருந்தால், கழற்றிய நல்ல டிஸ்க்கைத் திரும்ப மாட்டிப் பெரும்பாலும் மீட்டிருப்போம், ஏனெனில் அதுவரை தரவு எதுவும் அழியவில்லை. அவரோ பதற்றத்தில் புது டிஸ்க்கையும் மாட்டி, திரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ‘சரி’ கொடுத்து, புதிய தொகுப்பு ஒன்றை உருவாக்கிவிட்டார். இரவு முழுவதும் அது பழைய தரவின் மேல் எழுதிக்கொண்டிருந்தது. புகைப்படங்களில் ஒரு பகுதி கிடைத்தது. வீடியோக்களில் பெரும்பாலானவை பாதியில் உடைந்தே வந்தன. அவற்றில் மூன்று கல்யாணங்களும் ஒரு காதணி விழாவும் இன்னும் ஆல்பமாகக்கூடக் கைக்குப் போகாதவை.

ரெய்டு பேக்கப் ஆகாது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் திரும்பத் திரும்ப மறப்பது இதைத்தான். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டபோது, விலை குறைந்த பல சிறு டிஸ்க்குகளைச் சேர்த்து வேகமாகவும், ஒன்று பழுதானாலும் நிற்காமலும் ஓடவைப்பது எப்படி என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. ரெய்டு காப்பது ஓட்டத்தை. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய வடிவமே எல்லா டிஸ்க்கிலும் பதியும். ஐப்பசி மழையில் இடி இறங்கி பவர் சப்ளை எரிந்தால், ஒரே பெட்டிக்குள் இருக்கும் நான்கும் ஒன்றாகப் போகலாம். பெட்டியையே திருடன் தூக்கிப்போனால் நான்கும் சேர்ந்தே போகும். ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் பழுதை மட்டுமே தாங்கும், ரெய்டு 6 இரண்டைத் தாங்கும், ரெய்டு 0 ஒன்றைக்கூடத் தாங்காது. இவை எல்லாமே டிஸ்க் பழுதுக்கு மட்டுமான கணக்கு. மேலே சொன்ன மற்ற ஆபத்துகளுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 முறை, அதாவது மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது, படம் எடுத்துப் பிழைப்பவர்களை எண்ணியே சொல்லப்பட்டது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் அதைக் கடைப்பிடிப்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஆகவே சிவப்பு விளக்கு எரிந்தவுடன் டிஸ்க் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்கு ஓடாதீர்கள். முதலில், இன்னும் திறக்கக்கூடிய நிலையில் இருக்கும் அந்தத் தரவை வெளியே ஒரு யூ.எஸ்.பி டிஸ்க்கில் நகலெடுங்கள். மறுபடி எடுக்கவே முடியாதவற்றை முதலில், மற்றவற்றைப் பிறகு. நகலெடுத்த பின் நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

அடுத்து, உண்மையிலேயே டிஸ்க்தான் பழுதா என்று பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் பரப்பு கெட்டுவருகிறது என்று பொருள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிளிலோ அது செருகியிருக்கும் இடத்திலோதான் கோளாறு. அண்ணாநகரில் ஓர் ஆசிரியர் இரண்டு ஆண்டுகளில் மூன்று டிஸ்க்குகளை மாற்றியிருந்தார். போய்ப் பார்த்தால், மூடியில் நசுங்கி மடிந்த, டிஸ்க்கை இணைக்கும் ஒரு சாட்டா கேபிள்தான் காரணம்.

டிஸ்க்தான் என்று உறுதியானால் அதன் சீரியல் நம்பரை மென்பொருளில் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து எத்தனையாவது என்ற கணக்கையோ எரியும் விளக்கையோ நம்ப வேண்டாம். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றும் வசதி உங்கள் சாதனத்துக்கு உண்டா என்று தெரியாவிட்டால் முறையாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியதும் லேபிளில் உள்ள எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் படியுங்கள். ஒத்துவராவிட்டால் அந்த டிஸ்க்கை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். எல்லாம் நன்றாக ஓடும் இன்றே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டிவைத்தால் அந்த நாளில் கை நடுங்காது.

புது டிஸ்க் பழையதன் கொள்ளளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். எஸ்.எம்.ஆர் வகையை ரெய்டுக்கு வாங்காதீர்கள். ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், தொடர்ந்து எழுதும்போது அது தவங்கிவிடும். நாஸ் என்னும், நெட்வொர்க்கில் இணைத்துப் பலரும் கோப்புகளைச் சேமிக்கும் சாதனங்களுக்கென்றே விற்ற வரிசையில் இந்த வகை சொல்லாமல் கலந்திருந்தது 2020-இல் வெளிப்பட்டு வாங்கியவர்கள் கொதித்தார்கள் என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். வந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணிநேரம் ஓடியது என்பதையும் பாருங்கள். புதிதென்று வாங்கியதில் ஆயிரக்கணக்கான மணிநேரம் இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

பழைய தரவைப் புது டிஸ்க்கில் கட்டியெழுப்பும் ரீபில்டு வேலை நடக்கும் நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மீதமிருக்கும் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் முழுவதுமாகப் படிக்கப்படும், அவையும் பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கி ஒரே வயதானவை. பல சாதாரண டிஸ்க்குகளின் குறிப்பில், பத்தின் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு, அதாவது சுமார் 12.5 டெராபைட்டுக்கு, படிக்க முடியாத இடம் ஒன்று வரை வரலாம் என்றே எழுதியிருக்கும். நடைமுறையில் அவை இதைவிட நன்றாகவே உழைக்கின்றன என்றாலும், நகல் எடுக்காமல் இதில் இறங்க நான் துணியமாட்டேன். விநாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் 8 டெராபைட் டிஸ்க்குக்குப் பதினைந்து மணிநேரம் ஆகும். இடையில் யாராவது வீடியோ எடிட் செய்தால் அது இன்னும் நீளும். மின்வாரியம் உங்கள் பகுதிக்குப் பராமரிப்பு நிறுத்தம் அறிவித்திருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் கண நேரத்தில் சில பெட்டிகள் அணைந்து எழுகின்றன, ஆகவே யூ.பி.எஸ் அவசியம். கத்திரி வெயிலில் தகர ஷீட் போட்ட மாடி அறையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பெட்டியைக் கீழே கொண்டுவந்து மின்விசிறிக்கு அருகில் வையுங்கள்.

கொள்ளளவைக் கூட்டுவதற்காக நல்ல டிஸ்க்குகளை மாற்றுகிறவர்கள் ஒன்றை மாற்றி, ரீபில்டு முடிந்து, பிழையில்லை என்று கண்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். காலியான இடம் இருந்தால் பழையதைக் கழற்றாமலே புதியதை அதில் செருகி மாற்றச் சொல்லும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் மாற்றம் முடியும்வரை பாதுகாப்பு குறைவதில்லை.

ஏதாவது தவறிப்போனால், தயவுசெய்து, திரையில் ‘புதிதாக உருவாக்கு’ என்றோ ‘ஃபார்மேட்’ என்றோ வருவதற்குச் சம்மதிக்காதீர்கள். அணைத்துவிட்டு, எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். துண்டில் சுற்றாமல், ஒவ்வொன்றையும் நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, ஒன்றோடொன்று இடிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கில் தேதியையும் இடத்தையும் எழுதி ஒரு மாதமாவது எடுத்துவையுங்கள். அதன் பிறகும் பழைய இரும்புக்கடைக்கு அப்படியே போடாதீர்கள். அதில் ஊரார் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. ஓடுகிற டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டும், ஓடாததைத் தட்டில் துளையிட்டுவிட்டும் போடுங்கள்.