கெலகெட்சா: சொல் விளக்கம்

தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் வாழும் சபோதெக் மக்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் எப்படியும் சந்தித்தே தீர வேண்டிய சொல் கெலகெட்சா. Guelaguetza என்ற எசுப்பானிய எழுத்துக்கூட்டலைக் கண்டு ‘குவெலகுவெட்சா’ என்று படிக்கத் தோன்றும். அங்கே எழுத்தில் நிற்கும் உகரம் ஒலிப்பதில்லை. பயண விளம்பரங்கள் ஜூலை மாத நடன விழாவின் பெயராக மட்டுமே இதை அறிமுகப்படுத்துவதால், ‘பழங்குடி நடன விழா’ என்று பொருள் எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் விழா என்பது இச்சொல்லின் மேல் பிற்காலத்தில் ஏறிய பொருள். சபோதெக் வீடுகளில் இது, ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு மற்றக் குடும்பங்கள் பொருளும் உழைப்பும் கொடுத்து உதவுவதையும், பெற்றதை உரிய காலத்தில் திரும்பச் செய்ய வேண்டிய கடப்பாட்டையும் சேர்த்துக் குறிக்கிறது.

சபோதெக் என்பதே ஒற்றை மொழியன்று; நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசும் ஒரு மொழிக் கொத்து. மலைப்பகுதியினர் பேசுவது பல வேளைகளில் பள்ளத்தாக்கினருக்கு விளங்குவதில்லை. காலனிக் கால ஆவணங்களில் காணப்படும் ‘கெல’ என்னும் முன்னொட்டு, வினையையும் பண்பையும் பெயராக்குவது. தமிழில் ‘தல்’, ‘மை’ ஆகியவை சொல்லின் இறுதியில் நின்று செய்யும் வேலையை அது முன்னால் நின்று செய்கிறது. இரு கடல்களுக்கு இடையே நிலம் ஒடுங்கும் தெவாந்தெபெக் நிலக்கழுத்துப் பகுதியில் அதே முன்னொட்டு ‘கெந்தா’ என வழங்குகிறது. அங்குள்ள ‘கெந்தாலிசா’ என்ற சொல்லுக்கு உறவு என்றும் ஒத்தாசை என்றும் இரு பொருளும் உண்டு. உதவியவர் உறவினர் ஆகிறார் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சபோதெக் என்ற இனப்பெயர் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டது அன்று. அஸ்டெக்குகளின் மொழியான நவாத்தைப் பேசியவர்கள் சப்போட்டா வகைப் பழமரத்தின் பெயரால் அவர்களை அழைத்தார்கள். நாம் கடையில் கேட்டு வாங்கும் சப்போட்டாவின் பெயரும் அதே நவாத் வேரிலிருந்து எசுப்பானியம் வழியாக வந்ததே. நிலக்கழுத்துப் பகுதியினர் தம்மைப் பின்னிசா, அதாவது மேக மக்கள், என்கிறார்கள்.

நடைமுறையில் கெலகெட்சா எப்படி இயங்குகிறது என்பதற்குக் கம்பளி நெசவால் பெயர்பெற்ற தியோதித்லான் தெல் வாயே ஊர் நல்ல சான்று. அங்கே ஒரு வீட்டில் திருமணம் என்றால், உறவினர்களும் ஞானப்பெற்றோர்களும் வான்கோழி, மக்காச்சோளம், கொக்கோ, முட்டை, மெஸ்கால் என்னும் கற்றாழை மது ஆகியவற்றைக் கொண்டுவருகிறார்கள். வான்கோழியை நிறுத்து, அதன் எடையையும் கொண்டுவந்தவர் பெயரையும் நோட்டில் எழுதிவைக்கிறார்கள். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதே எடை திரும்பிச் சென்றாக வேண்டும், வட்டி கிடையாது. பொருளுக்குப் பொருளாகவே தீர்ப்பதால், விலைவாசி ஏறி மெக்சிகோவின் பெசோ மதிப்பிழந்தாலும் கொடுத்தவருக்கு இழப்பில்லை. பெற்றோர் காலமானால் நோட்டில் உள்ள வரவும் கடனும் பிள்ளைகளைச் சேரும். பெண்கள் கூடி மாவரைத்துச் சமைத்துத் தரும் உழைப்பும் இப்படியே திரும்பச் செய்யப்படுகிறது. வடக்கு மலை ஊர்களில் இதையொத்த முறைக்குக் கொசோனா என்று பெயர். ஓர் ஊரின் வாத்தியக் குழு மற்றோர் ஊரின் திருவிழாவில் கூலியின்றி வாசித்தால், அந்த ஊர்க் குழு பின்னர் இங்கே வந்து வாசிக்கும்.

இம்முறையின் உயிர்நாடி வழிபாட்டில் இருக்கிறது. ஊர்ப் புனிதரின் திருவிழாச் செலவை ஒரு குடும்பம் ஏற்று நடத்துவதற்கு மயோர்தோமியா என்று பெயர். மெழுகுவர்த்தி, வாணவேடிக்கை, இசை, நாட்கணக்கில் ஊருக்கே சாப்பாடு என்று விரியும் அந்தச் செலவைக் கைத்தறியையும் சிறு நிலத்தையும் நம்பி வாழும் வீடு தனியாகத் தாங்க முடியாது. அதனால் பொறுப்பேற்கப் போகும் தம்பதியர் பல ஆண்டுகள் முன்பிருந்தே பிறர் வீடுகளுக்குக் கொடுத்து வைத்து, தம் முறை வரும்போது அவற்றைக் கேட்டுப் பெறுகிறார்கள். வறுமையை வைத்து இம்மக்களை அளப்பவர்கள் இந்தச் சேமிப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வங்கிக் கடன் எட்டாத ஊரில் இதுவே மூலதனம், இதுவே காப்பீடு. சாவு வீட்டிலும் இம்முறை கைகொடுக்கிறது: ஒன்பது நாள் செபத்துக்கு வருவோர் மெழுகுவர்த்தியும் பூவும் உணவுப் பொருளும் கொண்டுவருகிறார்கள்.

வஹாக்கா நகரம் 1932இல் தன் நானூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது மாநிலத்தின் பல்வேறு இனத்தாரை வரவழைத்து நடத்திய நிகழ்ச்சியே இன்றைய விழாவுக்கு முன்னோடி. கெலகெட்சா என்ற பெயர் அதற்குப் பின்னரே நிலைத்தது. ஃபோர்தீன் குன்றின் அரங்கில் ஆடி முடித்த குழுவினர் தம் ஊர் விளைபொருள்களைப் பார்வையாளர்களை நோக்கி வீசுவது, கொடுத்தல் என்ற பழம்பொருளின் எச்சம். ஆயினும் பெறுபவர் எதையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பதால் சொல்லின் பாதி அங்கே விடுபட்டுவிடுகிறது.

தமிழில் இதற்கு நிகர் எது? ‘நன்கொடை’ பொருந்தாது, அதில் திருப்பித் தரும் கடமை இல்லை. குறளின் ‘ஒப்புரவு’ உயர்ந்த சொல்லாயினும், ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்றே அந்த அதிகாரம் தொடங்குவதால் அதுவும் விலகிப்போகிறது. ‘மொய்’ மிக நெருங்கி வருகிறது: நோட்டு உண்டு, திரும்பச் செய்யும் கட்டாயம் உண்டு. ஆனால் இன்று மொய் என்றால் பணம் என்றே கொள்கிறோம். உழைப்பு அதில் அடங்காது. தென் மாவட்டங்களில் வழங்கும் ‘செய்முறை’யே என் தேர்வு. ‘அவர்களுக்கு நாம் செய்முறை செய்ய வேண்டியிருக்கிறது’ என்னும்போது பொருளும் உறவும் கடனும் ஒருசேர ஒலிக்கின்றன. பள்ளிச் செய்முறைத் தேர்வின் நினைவு குறுக்கிடும் இடங்களில் ‘கைம்மாற்றுச் செய்முறை’ என விரித்து எழுதலாம். விழாவைக் குறிக்கும்போது கெலகெட்சா என்ற பெயரையே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு சொல் தெக்கியோ. பாதை, பள்ளி, குடிநீர்க் குழாய் போன்ற பொதுவேலைக்கு வீட்டுக்கொருவர் கூலியின்றி வரும் முறை அது. வேலை, திறை என்னும் பொருளுடைய ‘தெகித்ல்’ என்ற நவாத் சொல்லிலிருந்து பிறந்தது. வஹாக்கா மாநில அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தெக்கியோ ஊருக்குச் செய்வது, கெலகெட்சா வீட்டுக்குச் செய்வது; ஆகவே முன்னதைக் ‘குடிமராமத்து’ என்றும் பின்னதைச் ‘செய்முறை’ என்றும் பிரித்து வழங்குவது தகும்.