ஓவர்லாக்கிலிருந்து கைமடிக்கு

திருப்பூர் பக்கம் சில பனியன் கம்பெனிகளின் விசாகா கமிட்டியில், அதாவது வேலையிடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் குழுவில், வெளி உறுப்பினராக இருக்கிறேன். புகார் கொடுத்த பெண்ணை மறுநாளே வேலையை விட்டு நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம் என்பது எல்லா மேனேஜருக்கும் தெரியும். அதனால் சத்தமில்லாத வழிகளைத் தேடுகிறார்கள்.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் ஒருவர் சூப்பர்வைசர் மேல் புகார் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே அவர், டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடி வேலைக்கு மாற்றப்பட்டார். டெய்லர் கூலி போச்சு, ஓவர்டைமும் போச்சு. கேட்டால், "லைன்ல ஆள் அதிகம் மேடம்." புரொடக்‌ஷன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவருடைய மெஷினில் புது ஆள் உட்கார்ந்திருந்தார்!

1997இல் வந்த சுப்ரீம் கோர்ட்டின் விசாகா தீர்ப்பு, புகார் கொடுத்தவரும் சாட்சிகளும் பழிவாங்கப்படக் கூடாது என்றது. வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் அதற்கெனத் தனிப் பிரிவு இல்லை. இருப்பது 12ஆம் பிரிவு: விசாரணை முடியும்வரை எதிராளியையோ, புகார் கொடுத்தவரையோ வேறு இடத்துக்கு மாற்றலாம், புகார் கொடுத்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம். எதிராளி அந்தப் பெண்ணின் வேலையை மதிப்பிடுவதைத் தடுக்க 8ஆம் விதி இருக்கிறது. ஆனால் இதெல்லாம் அந்தப் பெண் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் அவரிடம் சொல்வதில்லை. புகார் கொடுக்கும் அன்றே இவற்றைக் கேட்கும் மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய சில மாதக் கூலிச் சீட்டுகளை போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பின்னால் கூலி குறைந்தால், அதைக் காட்ட வேறு எது இருக்கிறது?

சாட்சி சொல்பவர் நிலைமைதான் மோசம். 12ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தாது. சாட்சிகளின் ஷிப்ட், லைன், கூலி மூன்றையும் விசாரணையின் முதல் நாளே பதிவேட்டில் குறிக்கச் சொல்வேன். சில நிர்வாகங்கள் முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

"நிரூபிக்கலைன்னா உன் மேலதான் ஆக்‌ஷன்" என்று மிரட்டுவதும் வழக்கம். அது பொய். தெரிந்தே பொய்ப் புகாரோ, கெட்ட நோக்கத்தோடு புகாரோ, போலி ஆவணமோ கொடுத்தால்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது. புகார் கொடுத்தவர், சாட்சிகள் பெயரை வெளியே விடக் கூடாது என்பது 16ஆம் பிரிவு. கேன்டீன் பேச்சுக்கும் அது பொருந்தும்.

பத்துப் பேருக்குக் குறைவான யூனிட்டாக இருந்தாலும், புகாரே முதலாளி மேல் என்றாலும், மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். கலெக்டர் ஆபீசில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தர குழுவுக்கு அதிகாரம் உண்டு.