டிராஃப்ட்: முறைத்தெரிவு

ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர் முதலில் தடுக்கி விழுவது 'டிராஃப்ட்' என்ற சொல்லில்தான். அகராதி 'வரைவு' என்கிறது. 'ஹாதார்ன் கிளப் வரைவில் ஒரு வீரரை எடுத்தது' என்று எழுதினால் வாசகருக்குச் சட்ட வரைவுதான் நினைவுக்கு வரும். கிரிக்கெட் பழக்கத்தில் 'ஏலம்' என்று எழுதிவிடுவது அதைவிடப் பெரிய பிழை. டிராஃப்டில் விலை கூறுவதே கிடையாது.

நடப்பது இதுதான். 18 வயதை எட்டிய இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் பெயர் பதிகிறார்கள். ஆட்டப் பருவம் முடிந்ததும் கிளப்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களிலிருந்து ஒருவரை அழைக்கின்றன. புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் உரிமை, கோப்பை வென்ற கிளப் கடைசி. அழைத்த கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். பெர்த்தில் வளர்ந்த பையனை மெல்பர்ன் கிளப் அழைத்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சொல்லின் வேர் பழைய ஆங்கிலத்தில் 'இழுத்தல்' என்ற பொருளுடைய வினை. வண்டி இழுக்கும் குதிரை, தாளில் இழுத்த கோடு, வங்கியிலிருந்து பணம் பெறும் ஓலை எல்லாம் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கூட்டத்திலிருந்து படைக்கு ஆளைப் பிரித்தெடுப்பதும் அவற்றில் ஒன்று. அந்தப் பொருளைத்தான் அமெரிக்க விளையாட்டு எடுத்துக்கொண்டது. அங்கே 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் தொழில்முறைக் கால்பந்து லீகின் முதல் டிராஃப்ட் நடந்தது. ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்துக்கு இந்தச் சொல் வேறு வழியிலும் பழக்கம். பட்டியில் ஆடுமாடுகளை இனம்பிரித்து ஒதுக்குவதை அங்கே இன்றும் டிராஃப்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்றைய ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் முன்வடிவமான விக்டோரிய கால்பந்து லீக் இதை ஏற்றது 1986இல். அதற்கு முன் இருந்தது வட்டார முறை. ஒவ்வொரு கிளப்புக்கும் சில ஊர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கே பிறந்து வளர்ந்தவன் அந்தக் கிளப்பின் சொத்து. பெண்டிகோ வட்டாரம் கார்ல்டனுக்கு, மார்னிங்டன் தீபகற்பம் ஹாதார்னுக்கு. வளமான வட்டாரம் வாய்த்த கிளப் கொழித்தது, வாய்க்காதது வாடியது. பிரிஸ்பன், வெஸ்ட் கோஸ்ட் கிளப்கள் 1987இல் சேரவிருந்து, லீக் விக்டோரியாவுக்கு வெளியே மேலும் விரிந்தபோது இந்த ஏற்பாடு தாங்கவில்லை. முதல் டிராஃப்டில் முதல் பெயராக மார்ட்டின் லெஸ்லியை பிரிஸ்பன் பேர்ஸ் அழைத்தது.

டிராஃப்ட் வந்த பிறகு வீரர் தேடல் நீண்டகாலக் கணக்காக மாறிவிட்டது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் காசை அள்ளி வீசி ஓர் அணியை ஒரே ஆண்டில் கட்டிவிட முடியாது. 18 வயதுப் பையன் உடல் தேறி ஆட்டம் பழகச் சில ஆண்டுகள் பிடிக்கும். இன்று அழைக்கும் பெயர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அணி எந்தப் பாணியில் ஆடும் என்பதற்கான பந்தயம்.

ஹாதார்ன் நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் முதல் அழைப்பில் லூக் ஹாட்ஜ், 36ஆம் அழைப்பில் சாம் மிட்செல். 2004இல் கிளப் படுதோல்வி கண்டது. அதன் பலனாக 2ஆம், 5ஆம் அழைப்புகள் கிடைத்தன, 7ஆம் அழைப்பும் கையில் இருந்தது. ஜாரிட் ரஃப்ஹெட், லான்ஸ் ஃபிராங்க்லின், ஜோர்டன் லூயிஸ் ஆகிய மூவரும் ஒரே நாளில் வந்தார்கள். அடுத்த பருவத்தில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற அலஸ்டர் கிளார்க்சன் ஆளுக்கு ஆள் காவலைத் தளர்த்தி, திடலின் பரப்பையே கூட்டமாக நகர்ந்து அடைக்கும் காப்பு முறையை வளர்த்தார். பந்து கைக்கு வந்தால் குறிதவறாத உதையால் முன்னே கொண்டுபோக வேண்டும். முன்களத்தில் அதைத் தாவிப் பிடிக்க உயரமான ரஃப்ஹெட்டும் ஃபிராங்க்லினும் தயாராக இருந்தார்கள். 2008இல் ஃபிராங்க்லின் நூறு கோல்களைத் தாண்டினார், கோப்பையும் வந்தது. 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்ற அணியில் ஷான் பர்கோயின், ஜாஷ் கிப்சன், பிரையன் லேக் போன்றோர் பிற கிளப்களிலிருந்து வந்தவர்கள். பாணி உறுதியாக இருந்ததால் எந்த ஓட்டையை யாரால் அடைப்பது என்பது கிளப்புக்குத் தெரிந்திருந்தது. என் கணிப்பில், 2004இன் அதிர்ஷ்டத்தைவிட இந்தத் தெளிவுக்குத்தான் அதிகப் பாராட்டு சேர வேண்டும்.

ஜீலாங் கதை இன்னும் சுவையானது. 2001இல் அந்தக் கிளப் ஜிம்மி பார்டெல், ஜேம்ஸ் கெல்லி, ஸ்டீவ் ஜான்சன், கேரி ஆப்லெட் இளையவர் நால்வரையும் சேர்த்தது. 8, 17, 24, 40 ஆகியவை அந்த அழைப்புகளின் எண்கள். நால்வரும் ஆடிய 2007 இறுதிப்போட்டியில் 119 புள்ளி வித்தியாசத்தில் வென்று, 44 ஆண்டுக் காத்திருப்பை முடித்தார்கள்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வரைவு என்பதற்காகவும் ஒருவர் வாதாடலாம். அக இலக்கணத்தில் வரைதல் என்பது மணந்து தனக்கென உரிமையாக்கிக்கொள்வது. அழகான பொருள்தான், ஆனால் இன்றைய வாசகருக்கு அது எட்டாது. 'ஆட்சேர்ப்பு' வேலைவாய்ப்பு விளம்பரத்தை நினைவூட்டுகிறது, 'தேர்வு' பள்ளிப் பரீட்சையை. இலங்கைத் தமிழில் நன்றாக வழங்கும் 'தெரிவு' அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. டிராஃப்டின் உயிர் வரிசையில் இருப்பதால் அதனுடன் 'முறை' சேர வேண்டும். முறைப்பாசனம் என்று உழவர்கள் சொல்வதில் வரும் அதே முறை. என்ன, இங்கே கடைமடைக்கு முதல் தண்ணீர். ஆகவே முறைத்தெரிவு. அழைப்பின் எண்ணைச் சொல்ல 'முதல் தெரிவு', 'நாற்பதாம் தெரிவு' என்றால் போதும். பேச்சில் டிராஃப்ட் என்றே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

இந்த முறைக்கு விலக்குகளும் உண்டு. ஒரு கிளப்புக்கு 100 ஆட்டங்கள் ஆடியவரின் மகனை அதே கிளப் முன்னுரிமையில் பெறலாம். இதைத் தந்தை-மகன் விதி என்பார்கள். ஆப்லெட் வந்தது அப்படித்தான். தோற்றவனுக்கு முதலிடம் என்பதில் ஒளிந்திருக்கும் ஆபத்தும், அதாவது நல்ல அழைப்புக்காக வேண்டுமென்றே தோற்பதும், பேச்சுக்கு வராமல் இல்லை. 2009 பருவத்தில் நடந்தவை குறித்த விசாரணைக்குப் பின், 2013இல் மெல்பர்ன் கிளப்புக்கு லீக் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் அணி வேண்டுமென்றே தோற்றதாக லீக் சொல்லவில்லை.

2015 முதல் ஒரு கிளப் தன் அடுத்த ஆண்டுக்குரிய அழைப்பையும் இப்போதே இன்னொரு கிளப்புக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கலாம். இன்னும் பள்ளியில் படிக்கும், பெயர் தெரியாத பையனுக்கான உரிமை அது. அதற்கு 'வருங்காலத் தெரிவு' என்ற பெயர் பொருந்தும்.