காய்ச்சலும் பாய்ச்சலும்: வயலில் நட்ட ஒரு குழாய்

நெல்வயல் என்றால் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர், அவ்வளவுதான். தண்ணீர் கட்டுவதற்கு ஒரு பெரிய காரணம் களையை அடக்குவது.

தேங்கிய நீருக்கு அடியில் மண்ணிலுள்ள ஆக்ஸிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, மட்கும் நெல்தாளிலிருந்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். வேடிக்கை என்னவென்றால், அதில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. வேருக்குக் காற்று கொண்டுபோக நெற்பயிர் தனக்குள் வைத்திருக்கும் காற்றறைகள் வழியாகவே அது மேலேறி வெளியே வருகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று புகுந்து அந்த நுண்ணுயிர்களின் வேலை தடைபடும். எவ்வளவு காயவிடலாம் என்று பார்க்கத்தான் குழாய். சுமார் 30 செ.மீ. நீளம், கீழ்ப்பாதி முழுக்க துளைகள். அந்தப் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளே அடைத்த மண்ணை எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்மட்டம் தெரியும். அது தரைக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் தருணமும் காயவிடக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், ஆனாலும் மொத்தக் கணக்கில் லாபம்தான்.

சரி, லாபம் யாருக்கு? டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு பாய்ச்சலும் காசு, உடனே தெரியும். தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டுபவருக்குக் கட்டணம் மிச்சமில்லை. வங்கதேசத்தில் பல சிறு விவசாயிகள் பம்ப் உரிமையாளருக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கிறார்கள். அங்கே மிச்சமாகும் டீசல் பம்ப்காரருக்கே போகும். காய்ந்த வயலில் முளைக்கும் களைக்கான கூலி மட்டும் விவசாயி தலையில்.

காவிரிக் கடைமடையில் சிக்கல் வேறு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் வரும். காயவிட்ட வயலுக்கு அடுத்த முறை வராமல் போனால்? அதனால் விவசாயி வந்த தண்ணீரை வரப்பு கொள்ளும் மட்டும் கட்டி வைக்கிறார். இதை அறியாமை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தெளிவான கணக்குதான் அது. வயலுக்கு வயல் வழிந்து பாயும் இடத்தில் இன்னும் கஷ்டம். கீழ்வயல்காரர் தன் குழாயைப் பார்த்து நாள் குறிக்கலாம், மடையைத் திறக்க வேண்டியவர் மேல்வயல்காரர்.