டிரேஸ்ல காணோம்னா நடக்கலைன்னு அர்த்தம் இல்ல

சில வருஷம் முன்னாடி ஒரு டிரேஸ, அதாவது கெர்னலுக்குள்ள (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) எப்ப என்ன நடந்துச்சுன்னு நேரத்தோட பதிஞ்ச லாக, பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதினேன். "3வது சிபியு ஆறு செகண்டா சும்மா உக்காந்திருக்கு, ஷெட்யூலர் அதுக்கு வேலையே குடுக்கல"ன்னு தைரியமா போட்டு கிராஃப் வேற வரைஞ்சு வச்சேன். கடைசில பாத்தா அந்த மெஷின்லயே மூச்சு விடாம ஓடிட்டு இருந்தது அந்த சிபியுதான். புதுசா வேலைக்கு வர்றவங்க பலபேர் இதே குழில விழறத பாத்துட்டே இருக்கேன், அதான் எழுதறேன்.

லினக்ஸ் கெர்னல்ல இப்படி டிரேஸ் எடுக்கற எஃப்டிரேஸ்ங்கற வசதி 2008ல, 2.6.27 வெர்ஷன்ல வந்தது, ஸ்டீவன் ராஸ்டெட் கொண்டுவந்தது. அது சிபியுக்கு ஒண்ணுன்னு தனித்தனி ரிங் பஃபர் (சுத்தி சுத்தி எழுதற மெமரி இடம்) வச்சிருக்கும், ஒருத்தருக்காக இன்னொருத்தர் காத்திருக்காம வேகமா எழுதணும்ல. சைஸ நீங்க மாத்தலைன்னா சாதாரணமா சிபியு ஒண்ணுக்கு 1408 கேபி. கேக்க நிறைய மாதிரி இருக்கும், ஆனா ஒரு ஷெட் ஸ்விட்ச் ஈவன்ட் (சிபியு ஒரு டாஸ்க்க விட்டு இன்னொண்ணுக்கு மாறறப்ப பதியறது) 64 பிட் மெஷின்ல ஹெடரோட 68 பைட் எடுத்துக்கும், கணக்கு போட்டா சுமார் 21,000 ஈவன்ட்தான் புடிக்கும், செகண்டுக்கு ஒரு லட்சம் ஈவன்ட் வர்ற சிபியுல அது கால் செகண்டு கூட தாங்காது. நிறைஞ்சதும் பழசு மேலயே புதுசு எழுதிட்டு போயிட்டே இருக்கும்.

இப்ப யோசிங்க. சும்மா கெடக்கற சிபியுல அஞ்சு நிமிஷத்து கதை அப்படியே இருக்கும், அடிச்சு புடிச்சு ஓடற சிபியுல கடைசி துணுக்குதான் மிஞ்சும். எல்லாத்தையும் சேத்து டைம் வாரியா அடுக்கினா, பிஸியா இருந்தவனோட பழைய கதை மொத்தமும் வெறும் காலியா தெரியும், அதாவது எங்க பிரச்சனையோ அங்கதான் சாட்சியும் முதல்ல அழியுது. அத பாத்துதான் நான் "தூங்குது"ன்னு எழுதினேன்.

டெக்ஸ்ட்டா இருக்கற டிரேஸ் ஃபைல படிச்சிருந்தா "சிபியு 3 பஃபர் இங்கதான் ஆரம்பிக்குது"ன்னு நடுவுல அதுவே ஒரு கோடு போட்டு சொல்லியிருக்கும். நான் கெத்தா சிபியு வாரியா இருக்கற ரா பைப்ப (டெக்ஸ்ட்டா மாத்தாத பைனரி டேட்டா) நேரா படிச்சு, அத பிரிச்சு புரிஞ்சுக்க சொந்தமா பார்ஸர் எழுதியிருந்தேன். அதுல 4096 பைட் பேஜ் பேஜா வரும், முதல் 8 பைட் டைம்ஸ்டாம்ப், அடுத்த 8 பைட்ல அந்த பேஜ்ல எவ்ளோ டேட்டா இருக்குன்னு சைஸ். அந்த சைஸோட மேல் பிட்கள்லதான் "இதுக்கு முன்னாடி ஈவன்ட் தொலைஞ்சிருக்கு"ங்கற கொடியும் இருக்கு, நான் என்ன பண்ணேன், எனக்கு சைஸ் மட்டும் போதும்னு மாஸ்க் போட்டு அந்த பிட்ட தூக்கி எறிஞ்சுட்டேன். கெர்னல் சொல்லத்தான் செஞ்சுது, நான்தான் காத மூடிக்கிட்டேன்.

அந்த பார்ஸர்ல இன்னொரு கூத்தும் இருந்துச்சு. ஒவ்வொரு ஈவன்ட்லயும் முழு நேரம் இருக்காது, முந்தின ஈவன்ட்ல இருந்து எவ்ளோ தள்ளின்னு 27 பிட்ல ஒரு வித்தியாசம் மட்டும்தான், நானோசெகண்டுல. 27 பிட்னா 134 மில்லிசெகண்டு வரைக்கும்தான் சொல்ல முடியும், அதுக்கு மேல இடைவெளி வந்தா டைம் எக்ஸ்டென்ட்னு தனியா ஒரு ரெக்கார்ட் வரும். அத கண்டுக்காம விட்டா நேரம் பின்தங்கும், ஆனா அடுத்த பேஜ் வந்ததும் முழு டைம்ஸ்டாம்ப் இருக்கறதால தானா சரியாயிடும். இந்த தானா சரியாகற பக் இருக்கே, அத மாதிரி ஆள ஏமாத்தறது எதுவும் இல்ல, டெஸ்ட்ல எல்லாம் நல்லாதான் இருக்கும்.

கடிகாரமும் அப்படித்தான். டீஃபால்ட் லோக்கல் கிளாக் ஒரு சிபியுக்குள்ள சரி, சிபியுங்களுக்கு நடுவுல கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம், எழுப்பறதுக்கு முன்னாடியே டாஸ்க் ஓட ஆரம்பிச்ச மாதிரி தெரிஞ்சா கெர்னல்ல பேய் இருக்குன்னு நினைக்காதீங்க. குளோபல் கிளாக்கோ மோனோ கிளாக்கோ வச்சுக்கோங்க, அதையும் டிரேஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே வச்சிடணும், கிளாக்க மாத்தினா பஃபர்ல இருக்கறது எல்லாம் காலி ஆயிடும்.

ஈவன்ட்குள்ள ஒரு ஃபீல்ட் (ஒரு தனி தகவல்) எந்த இடத்துல இருக்குன்னு கோட்ல நேரா எழுதி வைக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2011 வாக்குல கெர்னல்ல பிக் கெர்னல் லாக்க (மொத்த கெர்னலுக்கும் பொதுவா இருந்த பூட்டு) எடுத்தாங்க, அதோட லாக் டெப்த்ங்கற ஃபீல்டும் ஈவன்ட் ஹெடர்ல இருந்து போச்சு, உடனே பவர்டாப் (பவர் எங்க செலவாகுதுன்னு காட்டற டூல்) ஒடைஞ்சுது, ஏன்னா அது ஃபார்மட் ஃபைல (எந்த ஃபீல்ட் எங்க இருக்குன்னு கெர்னலே சொல்ற ஃபைல்) பாக்காம ஆஃப்செட்ட உள்ளயே எழுதி வச்சிருந்தது. ஒரு டூலுக்காக அந்த நாலு பைட்ட வெறும் இடமா திரும்ப வைக்க வேண்டியதாச்சு. பவர்டாப்புக்கு அந்த சலுகை கெடைச்சுது, உங்க ஸ்கிரிப்டுக்கு கெடைக்காது. ஈவன்டோட ஐடி நம்பரும் கெர்னலுக்கு கெர்னல் மாறலாம்.

இப்பல்லாம் டிரேஸோட சேத்து ஃபார்மட் ஃபைல்கள், கிளாக் பேரு, ஒவ்வொரு சிபியுவோட ஸ்டாட்ஸ், அதே பூட்ல எடுத்த கால்சிம்ஸ் (கெர்னல் ஃபங்ஷன் பேரும் அட்ரஸும் உள்ள லிஸ்ட்) எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போட்டுடறேன். கால்சிம்ஸ் அதே பூட்ல எடுத்ததா இருக்கணும், ஏன்னா கெர்னல் அட்ரஸ் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறிடும். ஸ்டாட்ஸ்ல ஓவர்ரன்ங்கற நம்பர் (மேல எழுதினதால தொலைஞ்ச ஈவன்ட் எண்ணிக்கை) ஜீரோவான்னு பாக்காம ஒரு கிராஃப் கூட வரையறதில்ல. இந்த ஃபோல்டர வெளிய யாருக்காவது அனுப்பறதா இருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க, அதுல ஓடின புரோகிராம் பேரெல்லாம் இருக்கு, கெர்னல் அட்ரஸும் இருக்கு. டிரேஸ் ஃபோல்டர ரூட் மட்டும் படிக்கற மாதிரி வச்சிருக்கறது சும்மா இல்ல.

அந்த 3வது சிபியு விஷயத்துல என்னாச்சுன்னு கேட்டா, டிரைவர் டீம்ல ஒருத்தர் "ஓவர்ரன் எவ்ளோ"ன்னு ஒரே ஒரு வரி மெயில் போட்டார், பாத்தா லட்சக்கணக்குல இருந்துச்சு. அதுக்குள்ள, பாவம் அது சும்மா இருக்கேன்னு, நான் இன்னும் ரெண்டு இன்டரப்ட் வேலைய அந்த சிபியு தலைல கட்டியிருந்தேன்.