வங்குரோத்து மனு: கடனில் சிக்கியவர்கள் அடிக்கடி கேட்பவை

2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு, வங்குரோத்து என்ற சொல் திருகோணமலையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நிலாவெளியில் விருந்தினர் விடுதி கட்டக் கடன் எடுத்தவர், படகுக்கு எஞ்சின் வாங்க லோன் போட்டவர், கிழமைக் கட்டு மைக்ரோ கடனில் மாட்டிய கிண்ணியா, மூதூர்ப் பெண்கள் என்று பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நானும் அப்படி அறிவித்துவிட்டு எழும்ப முடியாதா?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் தனிமனித வங்குரோத்துக்கு அடிப்படை. கடன்பட்டவர் தானாகவே மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கடன் கொடுத்தவரும் அவருக்கு எதிராகப் போடலாம். ஆனால் பழைய ஆங்கிலேயர் காலச் சட்டம் இது. நடைமுறையில் மிக அரிதாகவே பாவிக்கப்படுகிறது. அதனால் மனுவைப் பற்றி யோசிக்கும் முன் அதற்கு முந்திய படிகளான வங்கி வழக்கையும் ஏலத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலான குடும்பங்களின் சொத்து கைவிட்டுப் போவது அந்தப் படிகளில்தான்.

மனுப் போட்டால் என்ன நடக்கும்?

யாருக்கு எவ்வளவு கடன், உங்களிடம் என்ன சொத்து என்று முழுப் பட்டியலையும் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். நீதிமன்றம் உங்களை வங்குரோத்தானவர் என்று தீர்மானித்தால், சொத்துகள் ஒரு பொறுப்பாளரிடம் போகும். அவர் அவற்றை விற்றுக் கடன்காரருக்குப் பங்கிடுவார். உங்களை நீதிமன்றத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கடன்காரர்கள் வந்து எதிர்க்கவும் முடியும். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னீர்கள் என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால்தான் கடனிலிருந்து விடுவிக்கும் சான்றிதழ் கிடைக்கும். தவிர்க்க முடியாத நட்டமா, உங்கள் கவலையீனமா என்பதையும் அங்கே பார்ப்பார்கள்.

அந்த விடுவிப்புக் கிடைக்கும் வரை கம்பனி ஒன்றில் பணிப்பாளராக இருக்க முடியாது. பாராளுமன்றத்துக்கும் போட்டியிட முடியாது. வாக்களிக்கும் உரிமை போகாது.

வீடு போய்விடுமா?

வீடு யார் பெயரில் இருக்கிறது, ஈடு வைத்ததா என்பதைப் பொறுத்தது. ஈடு வைத்த வீட்டின் மேல் வங்கிக்குள்ள உரிமையை வங்குரோத்து மனு அழிக்காது. நமது பக்கம் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. கணவன் பட்ட கடனுக்கு அதைப் பிடிக்க முடியாது. ஆனால் மனைவி பிணையாளராகவோ ஈட்டு உறுதியிலோ கையெழுத்து வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. "சும்மா ஒரு சைன் தானே" என்று வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போகும் கணவன்மார் தயவுசெய்து இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

கடன் முற்றிய பிறகு உறுதியை மச்சான் பெயருக்கு மாற்றுவதும் உதவாது. கடன்காரரை ஏமாற்றச் செய்த கைமாற்றம் என்று நிரூபித்து நீதிமன்றத்தில் அதை இரத்துச் செய்விக்கலாம். உங்கள் நேர்மையும் அங்கே கேள்விக்குள்ளாகும்.

உடுபுடவை, படுக்கை, தொழிலுக்கு வேண்டிய கருவிகள் போன்றவற்றைத் தீர்ப்பு நிறைவேற்றத்தின்போது பிடிக்கக் கூடாது என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு சொல்கிறது. லீசிங் வாகனம் வேறு கதை. கட்டி முடிக்கும் வரை ஆட்டோ லீசிங் கம்பனிக்கே சொந்தம்.

நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால்?

இங்கேதான் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். அது சாதாரண வழக்கு மாதிரி இழுபடாது. நிறுவனம் தனது பத்திரங்களைக் காட்டியதும் நீதிமன்றம் முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை உங்களுக்கு அனுப்பும். அதிலே ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதியில் போய், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும். உங்கள் பக்க நியாயத்தைச் சத்தியக் கடதாசியில் காட்ட வேண்டும். சில வேளை பணத்தையோ பிணையையோ கட்டச் சொல்வார்கள். போகாமல் விட்டால் அதே தீர்ப்பு நிரந்தரமாகிவிடும். பயத்தில் கடிதத்தைத் திறக்காமல் அலுமாரியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் திறவுங்கள்.

வழக்கே இல்லாமல் ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் வழியும் வங்கிக்கு உண்டு. பராட்டே என்று சொல்வது அதைத்தான். வட்டி சேர்க்காத முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு அதைப் பாவிக்க முடியாதபடி 2011இல் திருத்தம் வந்தது. 2024இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தவும் பட்டது. உங்கள் கடனுக்கு இன்று எது பொருந்தும் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

கடனுக்கு மறியலா?

கடன் கட்ட முடியாமல் போவது தன்னளவில் குற்றம் இல்லை. காசோலை அப்படி அல்ல. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால், அதே 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை உண்டு. கடனுக்குப் பாதுகாப்பு என்று வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்துக் கொடுக்காதீர்கள்.

வட்டிக்காரருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

தனியாரிடம் வாங்கிய கடனில், அறவிடும் வட்டி, வாங்கிய முதல் தொகையை விட அதிகமாக இருக்கக் கூடாது. ஒரு இலட்சம் வாங்கினால் நிலுவை வட்டியாக ஒரு இலட்சத்துக்கு மேல் கேட்டு வழக்கில் வெல்ல முடியாது. கொடூரமான நிபந்தனையுள்ள கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் திரும்ப ஆராய 1918ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. இந்த வட்டி எல்லையை வங்கிக் கடனுக்கு நம்ப வேண்டாம்.

எழுத்திலான ஒப்பந்தத்துக்கும் வாக்குறுதிப் பத்திரத்துக்கும் 6 வருடம், ஈட்டு உறுதிக்கு 10 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம் என்று வழக்குப் போட எல்லை உண்டு. இடையில் கொஞ்சம் கட்டினாலோ கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அந்தக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

பிணை நின்றவர்?

உங்களுக்கு விடுவிப்புக் கிடைத்தாலும் அவர் தப்ப மாட்டார். அதனால் மனுப் போடும் முன் அவரிடம் சொல்வது உங்கள் கடமை என்றே நினைக்கிறேன்.

முதலில் எங்கே போவது?

தவணை பிந்தத் தொடங்கியதுமே வங்கியிடம் போய், தவணையைக் குறைத்துக் காலத்தைக் கூட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் கிடைத்ததற்கான கையொப்பம் வாங்குங்கள். கிறிப் என்று எல்லோரும் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் அறிக்கையையும் எடுங்கள். மறந்துபோன பிணைகள் கூட அதில் தெரியும்.

சட்டத்தரணிக்குக் கட்ட வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள். போகும்போது அடையாள அட்டை, கடன் ஒப்பந்தம், கட்டிய பற்றுச்சீட்டுகள், உறுதிப் பிரதி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். நீதிமன்றக் கடிதம் வந்திருந்தால், மற்ற எதையும் பேசும் முன் அதிலுள்ள திகதியைக் காட்டுங்கள்.